மிடி

1997இல் இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் ஒரு வானொலித் திருத்தகத்தில் எடுபிடியாக இருந்தபோதுதான் ஒரு மின்னிசைக் கருவியின் வயிற்றை முதன்முதலாகப் பார்த்தேன். கட்டைகள் உள்ள எந்தக் கருவியானாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு ஓகன் என்றுதான் பெயர். சின்தசைசர் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதேயில்லை. அந்த ஓகன் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தபோது சேலையொன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். வந்துசேர்ந்த பின்னர் அதைப் பாடவைக்க வழியில்லை, ஏனென்றால் அது ஆறு பெரிய ரோச் பற்றரிகளில் இயங்குவது. பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் வரமுடியாதிருந்த பொருள்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் 6 வோல்ட்டில் செய்தி கேட்ட காலம் அது. அந்த மின்னில் வானொலி பேசும், ஓகன் பாடாது.

திருத்தக அண்ணை உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய 12 வோல்ட் பற்றரி ஒன்றை இரவல் வாங்கினார். நன்றாக மின்னேறிய பற்றரி 12.6 வோல்ட் காட்டும். ஓகனுக்கு வேண்டியதோ 9. பழைய வானொலிகளிலிருந்து எடுத்து மூடிப் போத்தலில் சேர்த்து வைத்திருந்த டயோட்டுகளில் ஐந்தைப் பொறுக்கி, ஒன்றின் வாலை மற்றதன் தலையோடு முறுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சிய செப்புக்கோலால் ஈயம் வைத்தார். ஒரு டயோட்டைத் தாண்டும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட் குறையும், ஐந்தையும் தாண்டினால் 3.5 குறையும், மிச்சம் 9.1 என்று மண்ணில் விரலால் எழுதிக் காட்டினார். நான் படித்த முதல் மின்னியல் பாடம் அதுதான். செருகியில் கம்பி பொருத்தும் வேலையை என்னிடம் தந்தார். சில செருகிகளில் நேர்மின் நடுவில் இருக்கும், சிலவற்றில் வெளிச்சுற்றில் இருக்கும் என்பதை நான் அறியேன். மாற்றிப் பொருத்திவிட்டேன். ஓகனுக்குள்ளிருந்து ஒரு கருகல் மணம் வந்தது. "மீற்றர் வச்சுப் பாத்திட்டெல்லோ செருகோணும்" என்று சொல்லிவிட்டு அண்ணை வேறு எதுவும் பேசவில்லை. நல்லகாலம், போனது ஒரு ட்ரான்சிஸ்டர் மட்டுமே. உடைந்த தொலைக்காட்சி ஒன்றிலிருந்து அதற்கு ஈடு கிடைக்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் மாலை அந்த வீட்டுப் பெண்பிள்ளை எங்கள் திருத்தகத்து வாங்கிலில் இருந்து சரளி வரிசை வாசித்தாள்.

அந்த 0.7 வோல்ட் பல வருடம் கழித்து வேறோர் இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. 1964இல் அமெரிக்காவில் ரொபர்ட் மோக் அமைத்த சின்தசைசரில் சுரத்தைத் தீர்மானித்ததே மின்னழுத்தம்தான். ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சுரத்தானங்கள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்படியானால் அண்ணையின் ஒற்றை டயோட் விழுத்திய 0.7 வோல்ட், மோக்கின் கருவியில் ஷட்ஜத்தைப் பஞ்சமத்துக்கும் அப்பால் தள்ளிவிடும். இதை வாசித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. சுரம் மின்னழுத்தத்தில் தொங்கும் கருவியை, எந்த மின்னழுத்தமும் நிலையாக இராத எங்கள் ஊரில் வைத்து வாசிப்பது நடக்கிற காரியமா? போதாததற்கு அந்தக் காலத்துக் கருவிகள் வெப்பத்துக்கும் சுருதி விலகுபவை. குளிரூட்டிய கலையகத்திலேயே பாட்டுக்குப் பாட்டு சுருதி திருத்த வேண்டியிருந்ததென்றால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் கைக்கு வந்தவை அந்தச் சாதியைச் சேர்ந்தவை அல்ல. கணிப்பான்களும் கைக்கடிகாரங்களும் செய்துகொண்டிருந்த கசியோ கம்பனி 1980இல் தன் முதலாவது மின்னிசைப் பலகையை வெளியிட்டது. அதன் வழியில் வந்த சிறிய கருவிகளில் சுரம் எண்களால் கணக்கிடப்பட்டது. பலவற்றுள் மணிக்கூட்டை ஓட்டுவதைப் போன்ற ஒரு பளிங்குத் துண்டு துடித்துக்கொண்டிருக்கும். அதன் துடிப்பை எண்ணிப் பிரித்தால் சுரம். பற்றரி இளைத்தால் ஓகன் நின்றுபோகுமே தவிரச் சுருதி இறங்காது. இசையறிந்தவர்கள் அந்த ஒலியை மெலிந்தது, தகரத் தன்மையானது என்று பழித்தார்கள். பழிப்பு நியாயமானதே. ஆனாலும் பற்றரியில் ஓடி, சுருதி பிசகாமல், மடியில் வைத்துக் கடலேரி கடக்கக்கூடிய கருவி அது ஒன்றுதான்.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967இல் ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் மிக வேகமாக அசைத்துப் பார்த்து, அதிலிருந்து மணியோசையும் ஊதுகொம்போசையும் போன்ற நாதங்கள் பிறப்பதைக் கண்டார். அந்த உரிமத்தை வாங்கிய யமஹா ஆறு அலைகளை முப்பத்திரண்டு விதமாகக் கோத்து ஒரு பெட்டிக்குள் அடைத்தது. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் கண்ணாடியைச் சுண்டியது போலக் கேட்கும் மின்பியானோவில் அந்தக் கருவிக் குடும்பத்தின் குரல் உண்டு. வன்னியில் நான் அந்தக் கருவியை ஒருநாளும் தொட்டதில்லை. அதன் பின்புறத்தில் இருந்த ஐந்து துளைச் செருகுவாயைப் பற்றித்தான் எனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தச் செருகுவாய்க்கும், அதன் வழியே கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கும் பெயர் மிடி (MIDI). தமிழில் மிடி என்றால் வறுமை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. என்றாலும் இதைவிடப் பொருத்தமான பெயரை ஒரு தமிழ்ப் புலவராலும் வைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னர் ஒரு கம்பனியின் கருவி இன்னொரு கம்பனியின் கருவியோடு பேசாது. மின்னழுத்தக் கணக்கிலேயே ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். 1981இல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித், செட் வுட் ஆகிய இருவரும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறையை ஒலிப் பொறியியலாளர் சங்கத்தின் முன்வைத்தார்கள். ஜப்பானில் ரோலண்ட் கம்பனியை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் அதே கவலையில் இருந்தவர். 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜுபிட்டர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் அழுத்த மற்றதிலும் ஒலி வரச் செய்தார்கள். இந்த முறைக்கு யாரும் உரிமைப் பணம் கேட்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2013இல், ஸ்மித், ககெஹாஷி இருவருக்கும் கிராமி அமைப்பு தொழில்நுட்ப விருது வழங்கியது.

கம்பியில் போவது ஒலி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒலியே போவதில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று எண்கள் போகின்றன. எடுத்துக்காட்டாக 144, 60, 100. முதலாவது எண், முதலாம் தடத்தில் ஒரு சுரம் தொடங்குகிறது என்ற அறிவிப்பு. இரண்டாவது, எந்தக் கட்டை என்பது, அறுபது என்றால் பியானோவின் நடு ஸி. மூன்றாவது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது. விரலை எடுத்தால் இன்னொரு மூன்று. வயலினா மணியா என்பது இதில் இல்லை. அதை மறுமுனையில் இருக்கும் கருவி தன் விருப்பப்படி பார்த்துக்கொள்ளும். ஒரு விநாடிக்கு 31,250 துணுக்குகள் (பிட்)தான் அந்தக் கம்பியின் கொள்ளளவு. ஒரு எண்ணுக்குப் பத்துத் துணுக்கு என்ற கணக்கில் மூன்று எண்களும் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி எடுக்கும். பத்து விரலையும் ஒரேயடியாக வைத்தாலும் கம்பிக்குள் அவை சங்கக்கடை வரிசையைப் போல ஒன்றன்பின் ஒன்றாகவே நகரும். கடைசி விரலின் செய்தி பத்து மில்லிவிநாடிக்குள் வந்துவிடுவதால் காதுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

அழுத்தத்தின் வேகத்தை ஓகன் எப்படி அறிகிறது என்பதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். கட்டையின் கீழே இறப்பர்க் குமிழ் ஒன்று. அதற்குள் கரி பூசிய இரண்டு சிறு வட்டங்கள், ஒன்று மற்றதைவிட மயிரிழை உயரத்தில். விரல் இறங்கும்போது ஒன்று முதலில் தகட்டைத் தொடும், மற்றது சற்றுப் பிந்தித் தொடும். இடையில் கழிந்த நேரத்தைத்தான் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் வேகம், ஒலி பெரிது. இவ்வளவு நுணுக்கமான இடத்துக்குள் வன்னியின் செம்புழுதி போனால் என்ன ஆகும்? மெல்லத் தொட்டாலும் ஒரு கட்டை மட்டும் அலறும், அல்லது எவ்வளவு அழுத்தினாலும் ஊமையாக இருக்கும். என்னிடம் திருத்த வரும் ஓகன்களில் முக்கால்வாசிக்கு இதுதான் நோய். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். கரி தேய்ந்திருந்தால் பென்சில் முனையால் மெல்லப் பூசிப் பார்ப்பதுண்டு. சில மாதம் தாங்கும். ஒருமுறை திறந்த ஓகனில் கறையான் புற்றுக் கட்டியிருந்தது. சுற்றுப்பலகையைத் தொடாமல் கீழிருந்த மரத்தட்டை மட்டும் தின்றிருந்தது.

2002இல் வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்தபின் கணினிகளும் புதிய ஓகன்களும் வந்தன. ஓகனைக் கணினியோடு இணைக்கும் கம்பி மட்டும் வரவில்லை. கொழும்பில் அதற்குச் சொன்ன விலை எனக்குக் கட்டுப்படியாகவுமில்லை. அப்போது பார்த்தால், மிடிக்குத் தேர்ந்தெடுத்த ஐந்து ஊசிச் செருகி, பழைய ஐரோப்பிய வானொலிகளிலும் ரேப் ரெக்கோடர்களிலும் இருந்த அதே செருகி. அண்ணையின் இரும்புப் பெட்டிக்குள் அப்படி நாலைந்து கிடந்தன. ஐந்து ஊசியில் செய்தி போவது 4, 5 என்ற இரண்டில் மட்டும். நடு ஊசி கம்பியின் மேலுறைக்கு. மற்ற இரண்டும் சும்மா. கணினியின் ஒலி அட்டையில் விளையாட்டுக் கைப்பிடிக்கென்று இருந்த பதினைந்து துளை வாயில்தான் மிடியும் ஒளிந்திருந்தது. இடையில் ஒரு சிறிய கருஞ்சில் வைக்கவேண்டும். அதை மட்டும் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து ஒருவர் வாங்கிவந்து தந்தார். அந்தச் சில்லுக்குள் ஒரு குட்டி விளக்கும் அதைப் பார்க்கும் ஒரு கண்ணும் இருட்டில் எதிரெதிரே இருக்கின்றன. செய்தி விளக்காக மினுங்க, கண் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். இரண்டு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது. மின்பிறப்பாக்கியில் ஒன்றும் பற்றரியில் ஒன்றுமாகக் கருவிகளை ஓட்டிய எங்களுக்கு இதன் அருமை நன்றாகவே புரிந்தது. ஒலிக்கம்பி வழியாக வரும் இரைச்சல் வேறு கதை.

மூன்று எண்களில் முடிந்துவிடும் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. முள்ளியவளைப் பக்கம் ஒரு வைகாசிப் பொங்கல் இரவில் இசைக்குழு ஒன்று, நான் செய்துகொடுத்த கம்பியால் இரண்டு ஓகன்களை இணைத்து வாசித்துக்கொண்டிருந்தது. கச்சான் கடலை விற்ற ஒரு சிறுவன் மேடையின் பின்னால் குறுக்கே ஓடினான். கம்பி கழன்றது. சுரத்தைத் தொடங்கு என்ற செய்தி போய்விட்டது. நிறுத்து என்ற செய்தி போகவில்லை. இரண்டாவது ஓகன் தான் கேட்ட கடைசிக் கட்டளைக்குக் கட்டுப்பட்டு அந்த ஒரு சுரத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. பாடகருக்கு அது சுருதியாகவாவது உதவியிருக்கலாம். ஆனால் சிக்கியதோ அந்தப் பாட்டில் வராத ஒரு சுரம். மேடைக்கு ஓடிப்போய் ஆளியை அணைத்தேன். தொடர்பு அறுந்ததைத் தானே உணர்ந்து வாய்மூடும் ஏற்பாடு மிடியிலேயே இருக்கிறது. அனுப்பும் கருவி 300 மில்லிவிநாடிக்குள் ஒருமுறையாவது 254 என்ற எண்ணைச் சொல்லி, 'இருக்கிறேன்' என்று தெரிவித்துக்கொண்டேயிருக்கும். அது நின்றால் மறுமுனை எல்லாச் சுரத்தையும் விட்டுவிடும். அந்த ஏற்பாட்டை வைப்பதும் விடுவதும் செய்பவரின் விருப்பம். எங்களுக்கு வந்த மலிவான கருவிகள் அதை வைத்துக்கொள்ளவில்லை.

எண் மட்டும் போய், குரலை மறுமுனை தீர்மானித்தால், ஒருவர் பியானோவுக்கு எழுதியது இன்னொருவர் வீட்டில் ஊதுகொம்பாகக் கேட்கும். அதனால் 1991இல் 128 குரல்களுக்குப் பொதுவான ஒரு பட்டியல் போட்டார்கள். 1 என்றால் எந்தக் கம்பனியின் கருவியிலும் பியானோ, 105 சித்தார், 112 ஷெனாய், 117 ஜப்பானியப் பெருமுரசு. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, உடுக்கு இல்லை, பறை இல்லை. பட்டியல் எழுதியவர்களுக்கு எங்கள் கோயில் வீதி தெரியாது என்று விட்டுவிடலாம். ஆனால் 126 ஹெலிகொப்டர். 128 துப்பாக்கி வெடி. படக் காட்சிகளுக்குப் பயன்படும் என்று சேர்த்திருக்கவேண்டும். 2003இல் எங்கள் வீட்டுக்கு ஓகன் வந்த புதிதில் என் மருமகன் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனான். 126இல் விரல் வைத்தான். அம்மம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

இல்லாத நாதஸ்வரத்தை ஷெனாயில் ஒப்பேற்றலாம் என்று சில இசைக்குழுக்கள் முயன்றன. ஒட்டுசுட்டானில் ஒரு நாதஸ்வர வித்துவானிடம் வாசித்துக் காட்டினேன். தோடியில் காந்தாரத்தைப் பிடிக்கச் சொன்னார். கட்டையில் காந்தாரம் ஓர் இடம். அவருக்கோ அது மேலும் கீழும் அசைந்துகொண்டேயிருக்கும் ஒரு வழி. மிடியில் வளைவுக்கென்று ஒரு சக்கரம் இருக்கிறது. அதன் பாதையை 16,384 படிகளாகப் பிரித்து, 8,192ஐ நடுவாக வைத்திருக்கிறார்கள். வழமையாக இரண்டு சுரத்தானம் மேலும் கீழும் போகலாம். கணக்குப்படி கமகத்துக்கு இது தாராளம். ஆனால் சக்கரத்தை அசைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் அத்தனை சுரமும் சேர்ந்து அசையும், அதோடு இடக்கை முழுவதும் அதற்கே போய்விடும். வித்துவான் சற்று நேரம் சக்கரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் தோடி எண்டு சொன்னாப் பிறகு தோடி மாதிரிக் கிடக்கு" என்றார். ஓகனால் எங்கள் இசை கெட்டது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அதே வேளை, கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக 112ஐ அழுத்துவதை இன்றும் சகிக்க முடிவதில்லை.

2012இல் ஒரு பாடசாலையின் ஓய்வுபெற்ற சங்கீத மாஸ்டர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு ஃபுளொப்பித் தட்டு. ஓகன் 2009இல் ஒரு பதுங்குகுழிக்குள் விடுபட்டுப் போய்விட்டது. இல்ல விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கென்று அவர் பல வருடமாக வாசித்துப் பதிந்த மெட்டுகள் தட்டில் இருந்தன. ஒலியாகப் பதிந்திருந்தால் 1.44 மெகாபைட் தட்டில் இறுவட்டுத் தரத்தில் எட்டு விநாடிதான் கொண்டிருக்கும். எண்களாக இருந்தபடியால் பதினான்கு பாட்டுகள் கிடந்தன, இடமும் மிச்சம். தட்டில் பூஞ்சணம். மெல்லத் துடைத்து, வெளியே செருகும் வாசிப்பானில் பலமுறை போட்டு எடுத்ததில் ஒன்பது கோப்புகள் திறந்தன. எந்த மிடிக் கோப்பும் 77, 84, 104, 100 என்ற நான்கு எண்களோடுதான் தொடங்கும். அந்த நான்கும் திரையில் வந்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது.

கணினியில் ஓடவிட்டேன். மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கை என்ரைதான் தம்பி. சத்தம் ஆற்றையோ" என்றார். அவருடைய ஓகனின் வயலின் குரல் அந்த ஓகனோடு போய்விட்டது. இது என் மென்பொருளின் வயலின். ஆனால் மூன்றாம் அடியில் ஒரு மயிரிழை பிந்தி விழும் இடது கை அப்படியே இருந்தது. பிறகு திரையில் வரிசையாக ஓடிய எண்களைக் காட்டி, எந்த எண் எந்தக் கட்டை என்று சொன்னேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்ட வந்து இருந்தார். இரண்டாம் பாட்டின் நடுவில் நிறுத்தச் சொன்னார். "இதிலை பிழையா வச்சிட்டன். பிள்ளையள் அதுக்கே பழகீட்டுதுகள், பிறகு மாத்தேலாமல் போச்சு." அந்த இடத்தில் 65 இருந்தது. 64 ஆக்கினேன். மறுபடி ஓடவிட்டோம். கொப்பி திருத்துபவரைப் போல ஒரு தலையசைப்பு. அதன் பின்னர் அவரை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பாட்டாக, ஒவ்வொரு பிழையாக, சிலவற்றுக்கு என்னையும் குற்றம்சாட்டியபடி திருத்திக்கொண்டு போனார். நான்காவது பாட்டில் இருந்தபோது மின்சாரம் நின்றது. மடிக்கணினியின் பற்றரியில் இன்னும் நாற்பது நிமிடம் இருப்பதாகக் காட்டியது. அதுக்குள்ளை ஐந்தாவதையும் முடிச்சிடலாம் என்று சொல்லி, கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டார்.